சைக்கிள் மிதிப்போருக்கு முழங்கால் வலி

பால் கேனையும் புல்லுக்கட்டையும் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் விவசாயிகளுக்கு முழங்கால் வலி வருவதுண்டு. வயதாகிவிட்டது என்று விட்டுவிடக்கூடாது. பலருக்குச் சீட்டின் உயரமே காரணம்.

சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, சில்லு அழுத்தப்பட்டு முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் பின்பக்கம் வலிக்கும். சீட்டில் அமர்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்துப் பாருங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிக்க வேண்டும்.

வளைந்த பெடலை மாற்றவும். டயரில் காற்றும் செயினில் எண்ணெயும் குறையக்கூடாது. மேட்டில் பாரத்துடன் மிதிக்காமல் இறங்கித் தள்ளுவது நல்லது.

வலி கண்டால் சில நாள் பாரம் ஏற்றுவதை நிறுத்தவும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்கக்கூடாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாகலாம்.

இவ்வாறு செய்தும் 2 அல்லது 3 வாரங்களில் வலி குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டவும். மூட்டு வீங்கினாலும், மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் கால் பிடிமானம் இழந்து மடங்கினாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டில் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே மூட்டு பாழாகும்.

ஒரு நாள் வேலை கெடுமே என்று தள்ளிப்போட்டால், பிறகு நடவும் அறுப்பும் சேர்ந்து கெடும்.