இக்டிரசில்: பெயர்ப்பொருளும் ஷாமனியத் தொடர்பும்

பழைய நார்சு இலக்கியத்தில் உலகங்களைத் தாங்கும் மரம் இக்டிரசில் எனப்படுகிறது. அதற்கு மூன்று வேர்கள். உச்சியில் கழுகு, அடியில் நிட்ஹோக் என்னும் நாகம், இரண்டிற்கும் இடையே பகைமொழி சுமந்தோடும் அணில். இச்செய்திகளைத் தரும் முதன்மை மூலங்கள் இரண்டு: 1270 அளவில் படியெடுக்கப்பெற்ற எட்டாப் பாடல்களின் சுவடி, 1220 அளவில் சுனோரி ஸ்டுர்லுசன் இயற்றிய உரைநடை எட்டா. ஐசுலாந்து 1000 அளவில் கிறித்துவத்தைத் தழுவியது. எனவே, பாடல்கள் பழமையானவையாயினும் நமக்குக் கிடைத்துள்ள எழுத்துவடிவம் இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது.

'இக்' என்பது 'அச்சந்தருபவன்' என்னும் பொருளுடைய ஓடின் தெய்வத்தின் பெயர். 'டிரசில்' என்பது குதிரையைக் குறிக்கும் செய்யுட்சொல். ஆகவே 'ஓடினின் குதிரை' என ஆறாம் வேற்றுமைத் தொகையாக இதனை விரிப்பர். மரம் எவ்வாறு குதிரையாகும் என்னும் வினாவிற்கு விடை ஹாவமால் என்னும் பாடலில் உள்ளது. அதில் ஓடின் ஈட்டியால் குத்துண்டு, காற்றடிக்கும் மரமொன்றில் ஒன்பது இரவுகள் தொங்கி, ரூன் எழுத்துகளைப் பெறுகிறான். தூக்குமரத்தைக் குதிரை என உருவகித்தல் நார்சுப் புலவர் மரபு. எனினும் அப்பாடல் மரத்தின் பெயரைக் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

வேறு விளக்கங்களும் உள. சில இடங்களில் 'இக்டிரசிலின் ஆஷ் மரம்' என்னும் தொடர் வருதலின், இக்டிரசில் என்பது குதிரையின் பெயரே என்றும், அது கட்டப்பட்ட மரமே ஆஷ் என்றும் கொள்வர். 'யூ மரத்தூண்' எனப் பிரிப்பாரும் உளர். ஆஷ் இலையுதிர்க்கும், பாடலோ மரம் என்றும் பசுமையானது என்கிறது. யூ பசுமை மாறாதது.

ஷாமனியக் கருத்து முதல் விளக்கத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. 'ஷாமன்' சைபீரியாவின் எவென்கி மொழிச்சொல். அல்தாய்ச் சடங்கொன்றில் ஷாமன் ஒன்பது படிகள் வெட்டிய பிர்ச் மரத்தில் ஏறி வானுலகு செல்கிறான். பலியிட்ட குதிரையின் உயிரும் அப்பயணத்தில் இடம்பெறுகிறது. மிர்சியா எலியாதே 1951இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில் ஓடினின் மரத்தையும் எட்டுக்கால் குதிரையையும் இத்தகைய மரபுகளுடன் ஒப்பிட்டார்.

ஒப்புமை தெளிவு, வேறுபாடும் தெளிவு. ஷாமன் ஏறுகிறான், ஓடின் தொங்குகிறான். தூக்கிலிடுதலும் ஈட்டியாற் குத்துதலும் ஓடினுக்குரிய பலிமுறையாகப் பிற நார்சு நூல்களிலும் காணப்படுகின்றன. உப்சாலாவின் புனிதச் சோலையில் பலியுடல்கள் தொங்கவிடப்பட்டதாகப் பிரேமன் நகர ஆடம் 1070களில் எழுதினார். ஆகவே தொங்கும் காட்சியை விளக்க இப்பலிமரபே போதும் என்பார் வாதமும் வலிமையுடையது. அண்டையில் வாழ்ந்த சாமி மக்களின் தாக்கம் ஓடினின் மந்திரக்கலையில் இருக்கலாம் எனினும், அது மரத்தின் தோற்றத்தை மெய்ப்பிக்காது.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விவாதம் நடைமுறைச் சிக்கலாகிறது. 'தூக்குமரம்' என்னும் தமிழ்ச்சொல் மரத்தையும் மரணத்தையும் ஒருங்கே தந்தாலும் குதிரையை இழக்கிறது. 'ஓடினின் குதிரை' என்பதோ பிற விளக்கங்களை மறைத்து, ஷாமனியக் கருத்திற்குச் சான்றளிப்பதுபோல் தோன்றும். பெயரை ஒலிபெயர்த்து, பொருள் வேறுபாடுகளை அடிக்குறிப்பில் தருதலே தக்கது. தீர்வு காணப்படாத ஒன்றை மொழிபெயர்ப்பு தீர்த்துவைத்தல் ஆகாது.