கண்ணாடிக்குள் உக்கும் மரம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். மனிதருக்கு அது பொருந்தலாம். கண்ணாடியிழைப் படகுக்கோ சிறிதும் பொருந்தாது. சென்ற ஆவணி விடுமுறையில் முல்லைத்தீவுக் கரையில் இவ்வுண்மையை நாம் நேரிற் கண்டோம்.

எமக்குப் பழக்கமான குடும்பமொன்றின் படகு கரையேற்றப்பட்டிருந்தது. "வெளியிலை ஒரு குறையுமில்லை, மாஸ்ரர். எஞ்சின்தான் ஆடுது" என்றார் குடும்பத் தலைவர். பூச்சும் பளபளவென்றே இருந்தது. படகு திருத்தும் முதியவர் ஒருவர் சிறு சுத்தியலாற் பின்புறப் பலகையைத் தட்டினார். ஓரங்கள் கணீரென ஒலித்தன. எஞ்சின் பூட்டிய நடுவிடமோ ஈரச் சாக்கைத் தட்டினாற்போல மந்தமாய் ஒலித்தது. "உள்ளுக்கை உக்கிப்போச்சு, தம்பி" என்றார் அவர். அந்நிலையிற் கடலுக்குச் சென்றால், எஞ்சின் பலகையோடு பெயர்ந்து படகினுள் நீர் புகக்கூடும். ஒரு குடும்பத்தின் சோறு மட்டுமன்று, இருவர் உயிரும் அப்பலகையில் தங்கியிருந்தது.

கண்ணாடியும் உக்குமோ என வாசகர் வினவலாம். உக்காது. அமெரிக்கரான ரே கிரீன் 1942 இல் கண்ணாடியிழையாலும் ரெசினாலும் சிறு படகு கட்டினார். பிற்காலத்தில் எமது வடபுலத்திலும், நோர்வே நாட்டார் உதவியுடன் காரைநகரில் தோன்றிய சீநோர் இத்தகைய படகுகளைக் கட்டிற்று. இவற்றின் தோல் உக்குவதில்லை. ஆனால் எஞ்சினின் பாரத்தைத் தாங்கவெனப் பல படகுகளில் அத்தோலின் நடுவே ஒட்டுப்பலகை வைக்கப்படுகிறது. ஆணித் துளைகளால் நீர் கசிந்தால் உக்குவது அந்த மரமே. கடல்நீரினும் மழைநீரே இதற்குக் கொடிய பகை. உப்பு பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும்; நன்னீரோ வளர்க்கும். ஆதலின், மாரியில் மூடாது விடப்படும் படகு கரையில் இருந்தபடியே உக்குகிறது.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின், இலங்கையில் அவசரமாகக் கட்டப்பட்ட படகுகள் பல தரத்திற் குறைந்திருந்தன. 2009 இல் போர் முடிந்து மீண்டவர்களோ கையிற் கிடைத்த படகைக் கொண்டே வாழ்வைத் தொடங்கினர். பழைய படகைத் திருத்தும் கலை, ஆதலால், இங்கே பொழுதுபோக்கன்று.

செலவுக்கு அஞ்சிய குடும்பத் தலைவர், வெளியே இன்னுமொரு படை ஒட்டினாற் போதாதா என்று கேட்டார். முதியவர் இசையவில்லை. வெளித்தோலைக் காத்து உட்தோலை அறுத்தெடுத்தார். கறுத்து ஊறிய மரம் கையோடு பிய்ந்து வந்தது. அதனை முற்றாகச் சுரண்டிச் சில நாள் காயவிட்டார். ஈரத்தில் ரெசின் பிடிக்காது. புதிய ஒட்டுப்பலகையின் விளிம்பெங்கும் ரெசின் ஊட்டி, வெளித்தோலோடு இறுக்கி ஒட்டினார். பழைய தோலின் விளிம்பை, 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 60 மில்லிமீற்றர் அகலமாகச் சரித்து உராய்ந்து, அதன்மேற் கண்ணாடியிழையைப் படைபடையாக ஏற்றினார். எஞ்சின் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, இறுகியபின் நடுவே மீண்டும் துளைத்தார். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

இவ்வேலையில் ஆபத்தும் உண்டு. ரெசினை இறுகச் செய்யும் திரவம் கண்ணிற் பட்டாற் பார்வையே போகலாம். அதனைக் கோபாற்று முடுக்கியுடன் நேரே கலந்தால் வெடிக்கும். கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கண்ணுக்கும் மூக்குக்கும் காப்பின்றி எவரும் இதில் இறங்கலாகாது. சிறுவரை அண்டவும் விடலாகாது.

நாம் விடைபெறும் நாளில் முதியவர் மீண்டும் தட்டினார். பலகை எங்கும் ஒரே ஒலி எழுந்தது. குடும்பத் தலைவர் சுத்தியலை வாங்கித் தாமும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

படகுடையோர் மாரிக்கு முன் இதனைச் செய்தல் நன்று. தட்டிப் பாருங்கள், நீர்போக்கும் துளையின் அடைப்பைக் கழற்றி, படகைக் கிடுகால் மூடி வையுங்கள். மந்த ஒலி கேட்டாற் பூசி மறையாது திறந்து பாருங்கள். உக்கலை இன்று கரையிற் காண்பது, நாளை நடுக்கடலிற் காண்பதினும் மேலானது.