மாட்டுங்கா டைனிங் டேபிளில் ஒரு துறைமுகம்

ஸ்டாம்ப் சேர்ப்பவரை உங்களுக்குத் தெரியும். பழைய நாணயம் சேர்ப்பவரையும் தெரிந்திருக்கும். இருநூறு வருஷத்துப் பாய்மரக் கப்பலை 64-ல் ஒரு பங்காகச் சுருக்கி, குச்சி குச்சியாக ஒட்டி, வருஷக்கணக்கில் கட்டுகிற ரகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டி முடித்து கடலில் விட முடியாது. விற்கவும் மனசு வராது. என் பி.காம். மூளை வரவு எந்தப் பத்தியில் என்று தேடித் தேடிக் களைத்துவிட்டது.

நெப்போலியன் யுத்தத்தில் பிடிபட்டு இங்கிலாந்துச் சிறைகளில் கிடந்த பிரெஞ்சுக்காரர்கள், சாப்பிட்டு மிஞ்சிய ஆட்டெலும்பில் கப்பல் செதுக்கினார்களாம். அவர்களாவது சந்தையில் விற்றுக் காசு பார்த்தார்கள்!

மும்பை மாட்டுங்காவில் ஒரு ஃப்ளாட். ஞாயிறு மத்தியானம் மூன்று பேர் அங்கே கூடுகிறார்கள். வீட்டுக்கார மாமா ரிட்டயர்டு அக்கவுண்டண்ட். இன்னொருவர் பாங்க் ஆபீஸர், என் சிநேகிதர். மூன்றாவது, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞன்.

சிநேகிதர் கட்டுவது ஸ்வீடன் நாட்டு 'வாஸா'. 1628-ல் முதல் பயணம் கிளம்பி, சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து, பீரங்கி ஜன்னல் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கிய கப்பல். 1961-ல் தூக்கி எடுத்து, இப்போது ஸ்டாக்ஹோமில் மியூசியமாக வைத்திருக்கிறார்கள்.

"இங்கேருந்து தாதர் வரைக்கும்கூடப் போகலை ஸார் அது. அதைக் கட்ட உங்களுக்கு நாலு வருஷமா?" என்றான் இளைஞன்.

"அது ஒரு தடவைதான் முழுகித்து. இவர் கையில தினம் முழுகறது" என்றார் மாமா.

மாமாவின் கப்பல் 'ட்ரிங்கோமலி'. நம்ம திரிகோணமலைதான். 1782-ல் அங்கே நடந்த கடற்போரின் ஞாபகமாக வைத்த பேர். பம்பாய்க் கப்பல் பட்டறையில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா மேற்பார்வையில் தேக்கில் கட்டி, 1817-ல் தண்ணீரில் இறக்கினார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. இளைஞன் கட்டுவது அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்'. 1797-ல் இறங்கியது, இன்னும் பாஸ்டனில் மிதக்கிறது.

இந்த இரண்டு கப்பலுக்கும் பகை உண்டு. ட்ரிங்கோமலியின் வரைபடம் முதலில் 'ஜாவா' என்ற கப்பலில் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. 1812 டிசம்பரில், பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவாவை அடித்து நொறுக்கியது யார்? இதே கான்ஸ்டிட்யூஷன்! வரைபடமும் போயிற்று. மறுபடி ஒரு செட் அனுப்ப வேண்டியதாயிற்று.

"உன் கப்பலாலே என் கப்பல் லேட்" என்று மாமா இன்றும் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். "உங்க ஆளுங்க ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கணும் மாமா" என்கிறான் அவன்.

இந்தக் கட்டுமானத்தில் பொறுமையைச் சோதிப்பது கயிற்று ஏணி. மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுகிற ஏணி. நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறு போக்கி, இடுக்கியால் ஒவ்வொரு படியையும் முடிச்சுப் போட வேண்டும். ஒரு பக்கம் எட்டுக் கயிறு, இருபது படி, 160 முடிச்சு. மூன்று பாய்மரம், இரண்டு பக்கம் என்று பெருக்கினால் 960. (பெருக்கல் மட்டும்தான் என் பங்களிப்பு.)

போன வருஷத்திலிருந்து மாமாவுக்கு வலது கை நடுங்குகிறது. இடது பக்க ஏணிகளை எப்படியோ முடித்துவிட்டார். வலது பக்கம் அப்படியே நின்றது. ஒரு ஞாயிறு, யாரும் கேட்காமலே இளைஞன் தன் கப்பலை ஓரம் கட்டிவிட்டு இடுக்கியை எடுத்தான். அன்றிலிருந்து அவன் முடிச்சுப் போடுகிறான், மாமா எண்ணுகிறார்.

நான் போயிருந்த அன்று அவன் வெள்ளந்தியாக ஒன்று கேட்டான். "மாமா, உங்க பக்கம் கொஞ்சம் கோணலா இருக்கு. பிரிச்சுத் திரும்பப் போட்டுரட்டுமா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துடும்."

சிநேகிதர் பசை பாட்டிலைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"தொடப்படாது" என்றார் மாமா. "இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. பார்க்கறவா பார்த்துக்கட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, பித்தளைத் தகட்டுக்காக எழுதி வைத்திருந்த காகிதத்தைத் தள்ளினார். அதில் இரண்டு பேர் இருந்தது.

"ஐயோ, நான் கான்ஸ்டிட்யூஷன் கட்சி மாமா, என் பேர் எதுக்கு?"

"பிளானைத் தொலைச்சேளே, அதுக்கு வட்டி இது. கட்டு."

உள்ளேயிருந்து மாமியின் குரல். "டேபிள் எப்போ காலியாகும்?"

"இன்னும் முன்னூத்துப் பன்னெண்டு" என்றார் மாமா, அடுத்த படியை எண்ணியபடி.