கேட்டால்தான் திரும்பி வரும் வரிப்பணம்

வேலை மாறினாலும், வருமானம் கூடிக் குறைந்தாலும் தொழிலாளியும் எழுத்தரும் செய்ய வேண்டியது என்ன?

குடிபாலா:

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழக எல்லைக்குச் சற்று முன்பாக இருக்கிறது குடிபாலா. காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றால், ஒரு கூட்டம் சித்தூர்ப் பக்கமும் இன்னொரு கூட்டம் காட்பாடி, வேலூர்ப் பக்கமும் ஏறுவதைப் பார்க்கலாம். மாங்கூழ் ஆலைக்குப் போகிறவர், கிரானைட் பட்டறைக்குப் போகிறவர், அலுவலக எழுத்தர், ஆஸ்பத்திரி ஊழியர் என்று பலரும் அதில் உண்டு. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சம்பளச் சீட்டில் ஆங்கிலம் என்று இவர்கள் வாழ்க்கை ஓடுகிறது.

ஏப்ரல் முதல் தேதிக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. 1911 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆனால் சம்பளக்காரருக்கு ஏப்ரல் முதல் தேதி என்றால் ஒரே அர்த்தம்தான். வரிக் கணக்கு ஆண்டு பிறக்கும் நாள் அது.

அந்தக் கணக்கில், வேலையோ வருமானமோ நடுவில் மாறினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் இழந்த பணத்தைப் பற்றி வெளியே சொல்லவும் கூச்சப்படுகிறார்கள்.

பிஸ்கட் டப்பாவில் இருந்த சம்பளச் சீட்டு

இங்கே குடியிருக்கும் எழுத்தர் ஒருவரின் கதை இது. பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக் கொண்டார்.

அலுவலகத்தில் எழுந்த ஒரு புகாரின் பேரில் 2023-ல் அவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். 2023-24 நிதியாண்டு முழுவதும் பிழைப்பூதியம்தான். ஏழு லட்சம் வர வேண்டிய ஆண்டில் மூன்றரை லட்சம் வந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மனைவி தையல் மெஷினை வாசலுக்குக் கொண்டு வந்து போட்டார். நகை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயிற்று.

விசாரணையில் புகார் நிற்கவில்லை. 2024-25-ல் வேலைக்குத் திரும்பினார். நிறுத்தி வைத்திருந்த மூன்றரை லட்ச ரூபாயும் ஒரே தவணையில் அரியர்ஸாக வந்தது. ஆனால் கையில் வந்தது மூன்றரை லட்சம் அல்ல. ரூ.55,900 வருமான வரியாகப் பிடிக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, அது போனது போனதுதான். சர்க்கார் வாங்கினா திருப்பித் தருமா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். அவரும் அப்படியே விட்டுவிட இருந்தார்.

மனைவிதான் விடவில்லை. "ஏங்க, அந்தப் பணம் போன வருஷத்துச் சம்பளம்தானே? அந்த வருஷமே கொடுத்திருந்தா இவ்வளவு வரி பிடிச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.

சட்டம் கேட்கும் கேள்வியும் அதுவேதான்.

கணக்கு இப்படித்தான்

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 89-வது பிரிவு, நிலுவைச் சம்பளம் ஒரே ஆண்டில் மொத்தமாக வருவதால் ஏற்படும் கூடுதல் வரிக்கு நிவாரணம் தருகிறது. எழுத்தரின் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். இரண்டு ஆண்டுகளிலும் அவர் புதிய வரி முறையில்தான் இருந்தார்.

2024-25-ல் அவருடைய வழக்கமான சம்பளம் ரூ.7,50,000. நிலைக் கழிவு ரூ.75,000 போக ரூ.6,75,000. அந்த ஆண்டு ஏழு லட்சம் வரை வரித் தள்ளுபடி இருந்ததால் வரி இல்லை. அரியர்ஸ் ரூ.3,50,000 சேர்ந்ததும் தொகை ரூ.10,25,000 ஆகிவிட்டது. ஏழு லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி பறிபோயிற்று. வரி ரூ.53,750, அதன் மேல் 4 சதவீத செஸ் ரூ.2,150, ஆக ரூ.55,900.

இப்போது அதே பணத்தை உரிய ஆண்டான 2023-24-ல் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பெற்றது ரூ.3,50,000. நிலைக் கழிவு ரூ.50,000 போக மூன்று லட்சம். அரியர்ஸைக் கூட்டினால் ரூ.6,50,000. அந்த ஆண்டும் புதிய முறையில் ஏழு லட்சம் வரை தள்ளுபடி உண்டு. ஆகவே வரி இல்லை.

இந்த ஆண்டு கூடிய வரி ரூ.55,900. உரிய ஆண்டில் வந்திருந்தால் கூடியிருக்கும் வரி பூஜ்யம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிவாரணம். அதாவது பிடித்த பணம் முழுவதும் அவருக்குத் திரும்ப வேண்டியது. எல்லோருக்கும் முழுத் தொகை வராது. சிலருக்குப் பாதி வரும், சிலருக்கு ஒன்றும் வராது. கணக்குப் போட்டால்தான் தெரியும்.

இந்த நிவாரணத்துக்கு 10இ என்ற பாரம் உண்டு. வருமான வரித் துறையின் இணையதளத்தில் அதை முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகுதான் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பாரத்தைப் போடாமல் ரிட்டர்னில் தொகையை மட்டும் எழுதினால், பெங்களூரில் உள்ள மையம் அதை ஒப்புக்கொள்ளாது. நிவாரணம் மறுக்கப்பட்டு நோட்டீஸ் வரும்.

எழுத்தர் போன நெட் சென்டரிலும் "அந்த பாரமெல்லாம் வேண்டாம் சார்" என்றுதான் சொன்னார்களாம். வேலூரில் ஓர் ஆடிட்டரிடம் கேட்ட பிறகு சரியாகச் செய்தார். எந்த மாதத்துக்கு எவ்வளவு நிலுவை என்ற விவரம் தேவைப்பட்டது. பழைய சம்பளச் சீட்டுகளை எல்லாம் மனைவி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். 2025-ல் ரிட்டர்ன் போனது. சில வாரங்களில் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது.

"நைனா, கடைசி வருஷ பீஸ் கட்டியாச்சு" என்று மகள் சொன்ன அன்றுதான் அந்த வழக்கு தனக்கு முடிந்தது என்கிறார் அவர்.

அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், கம்பெனி, கூட்டுறவுச் சங்க ஊழியர் ஆகியோர் இந்தப் பாரத்தின் விவரத்தை முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்தால், பிடித்தம் செய்யும்போதே நிவாரணத்தைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு மத்திய அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் தந்து, அறிக்கைக்கு 18 மாத அவகாசமும் கொடுத்தது. அதன் பேரில் நிலுவை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குச் சேர்ந்து வருமானால், இந்தக் கணக்கு பல வீடுகளில் தேவைப்படும்.

நடுவில் வேலை மாறினால்

சித்தூரில் ஆறு மாதம், ராணிப்பேட்டையில் ஆறு மாதம் என்று வேலை பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டு முதலாளிகளும் தங்கள் சம்பளத்தை மட்டும் பார்த்து, ஆளுக்கொரு முறை நிலைக் கழிவும் விலக்கும் கொடுத்துவிடுவார்கள். அப்போது கை நிறையச் சம்பளம் வரும். ரிட்டர்ன் போடும்போது இரண்டும் கூடி வரியும் வட்டியுமாக நிற்கும். பழைய இடத்துச் சம்பளம், பிடித்தம் ஆகியவற்றைப் புதிய முதலாளியிடம் 12பி பாரத்தில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பழைய இடத்திலிருந்து 16-ம் எண் பாரத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

வருமான வரி மத்திய அரசுடையது. எந்த மாநிலத்தில் வேலை பார்த்தாலும் ரிட்டர்ன் ஒன்றுதான். தொழில் வரிதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆந்திரத்தில் மாதம் ரூ.20,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு மாதம் ரூ.200. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. எந்த மாநிலமானாலும் ஒருவரிடம் ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் தொழில் வரி வாங்க அரசியல் சட்டம் இடம் தரவில்லை.

வேலை போனால்

"எனக்கு வரியே கிடையாது, நான் எதற்கு ரிட்டர்ன் போட வேண்டும்?" என்பது தொழிலாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. வரி கட்ட வேண்டியதில்லை என்பது வேறு, வரி பிடிக்கப்படவில்லை என்பது வேறு.

ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியுமுன் பி.எஃப். பணத்தை எடுத்தால், தொகை ரூ.50,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் பிடித்தம் இரட்டிப்பாகும். ரூ.1,20,000 எடுக்கிற தொழிலாளிக்கு ரூ.12,000 போய்விடும். அவருடைய மொத்த ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் அந்தப் பன்னிரண்டாயிரம் தானாக வீடு தேடி வராது. ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். வரி வராது என்று முன்பே தெரிந்தவர் 15ஜி பாரம் கொடுத்தால் பிடிக்கவே மாட்டார்கள். உடல்நலக் குறைவால் வேலையை விட்டவர், ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவர் ஆகியோருக்கு ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது. ஒரு கம்பெனியின் பி.எஃப். பணத்தை அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொண்டவர்களுக்கு இரண்டு சர்வீஸும் சேர்த்தே எண்ணப்படும்.

ஆலை மூடுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002-ல் மூடப்பட்டதைப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆட்குறைப்பில் கிடைக்கும் நஷ்ட ஈட்டுக்குச் சட்டத்தில் சொன்ன அளவில், அதிகபட்சம் ஐந்து லட்சம் வரை வரி விலக்கு உண்டு. குறைந்தது மூன்று ஆண்டு தொடர் சர்வீஸ் உள்ளவர்கள், விலக்கு போக வரிக்குட்படும் நஷ்ட ஈட்டுக்கு 89-வது பிரிவு நிவாரணமும் கேட்கலாம்.

குடும்பத் தலைவர் இறந்து குடும்பப் பென்ஷன் நிலுவை மொத்தமாக வந்தாலும் இதே நிவாரணம் உண்டு. இறந்தவருக்குப் பிடித்த வரியைத் திரும்பப் பெற, வாரிசு இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு அவருக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதை யாரும் நினைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்கள் சொல்லித் தர வேண்டும்.

பிடித்தார்கள், கட்டவில்லை என்றால்?

சம்பளத்தில் பிடித்த வரியை முதலாளி அரசுக்குக் கட்டினாரா என்பது 26ஏஎஸ் என்ற பட்டியலில் தெரியும். அதில் ஏறாவிட்டால் ரிட்டர்னில் வரவு கிடைக்காது. ஆனால் பிடித்தம் நடந்ததற்குச் சம்பளச் சீட்டு இருந்தால், அந்தத் தொகையைத் தொழிலாளியிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205-வது பிரிவு சொல்கிறது. ஆகவே சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

பான் எண்ணுடன் ஆதார் இணைந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கை வரித் துறை இணையதளத்தில் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் ரீஃபண்டு நின்றுவிடும்.

பழைய ஆண்டுப் பணத்தை விட்டுவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரி ஆணையருக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 அன்று வெளியான சுற்றறிக்கை கூறுகிறது.

வெளிநாட்டில்

பிரிட்டனில் 2003 முதல் 2025 ஏப்ரல் வரை, குறைந்த வருமானமுள்ள உழைப்பாளர் குடும்பங்களுக்கு 'டாக்ஸ் கிரெடிட்' என்ற பெயரில் அரசே பணம் கொடுத்தது. அங்கேயும் வருமானமோ வேலையோ மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர்களுக்கு அதிகமாகப் போன பணம் திருப்பி வசூலிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1975 முதல் அது போன்ற சலுகை இருக்கிறது. நம் நாட்டில் அப்படிக் கூடுதலாகத் தருவதில்லை. இங்கே கேட்பது நம்முடைய பணத்தைத்தான்.

2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரித் தள்ளுபடி கிடைத்தது. நிலைக் கழிவோடு சேர்த்தால் சம்பளக்காரருக்கு ரூ.12,75,000 வரை வரி இல்லை. ஆனால் வரம்பு உயர உயர, "நமக்கெதற்கு ரிட்டர்ன்" என்ற எண்ணமும் உயர்கிறது. பிடித்தம் மட்டும் நிற்கவில்லை.

இங்கே சொன்ன பிரிவுகளும் பாரங்களும் 1961 சட்டப்படியானவை. 2026 ஏப்ரல் 1 முதல் கிடைக்கும் வருமானத்துக்கு 2025-ல் நிறைவேறிய புதிய சட்டம் பொருந்தும். அதில் எண்கள் வேறு. நிலுவைச் சம்பளத்துக்கான நிவாரணம் அதிலும் இருக்கிறது.

குடிபாலா எழுத்தரின் வீட்டில் பிஸ்கட் டப்பா இப்போது அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருக்கிறது. தெருவில் யாருக்காவது அரியர்ஸ் வந்தது என்று கேள்விப்பட்டால் அந்த அம்மாள் முதலில் கேட்பது, "எந்த வருஷத்துப் பணம்?" என்பதுதான்.