சைக்கிள் சட்டமும் சூட்டின் கணக்கும்

இத்தாலியின் வடகோடியில், ட்ரென்டினோ மலைநாட்டைச் சேர்ந்த கல்தொனாஸோ என்னும் சிற்றூரில் நெடுங்காலம் பட்டறை நடத்தி, பின்பு வெரோனாவுக்குப் பெயர்ந்து, 2018-ஆம் ஆண்டில் காலமான தாரியோ பெகொரெத்தி, சைக்கிள் சட்டங்களைக் கையாலேயே செய்த கைவினைஞர்களுள் கீர்த்தி மிக்கவர். அவருடைய சட்டங்களைக் கண்டவர்கள் பெரும்பாலும் அவற்றின்மேல் அவர் தூரிகையால் தீட்டிய வர்ண விசித்திரங்களைப் பற்றியே பேசினார்கள். அந்த வர்ணத்துக்குக் கீழே மறைந்திருக்கும் மூட்டுகள்தாம் அதைவிட வியக்கத்தக்கவை என்பது என் அபிப்பிராயம்.

அவர் லுயிஜினோ மிலானி என்ற மூத்த கைவினைஞரிடம் தொழில் பயின்ற காலத்தில், உயர்ந்த சைக்கிள் என்றால் அதன் குழாய்கள் ‘லக்’ எனப்படும் மூட்டுக்கூடுகளில் செருகப்பட்டு, இடுக்கில் உருக்கிய பித்தளையோ வெள்ளிக் கலவையோ பாய்ச்சப்பட்டு இணைந்திருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். குழாயின் விளிம்பையே உருக்கிக் குழாயோடு சேர்க்கும் வெல்டிங், மலிவுச் சரக்குக்கு உரியதென்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்த அருவருப்பை வெறும் பழைமைப் பற்று என்று தள்ளிவிடுவதற்கில்லை. அதற்கு உலோகத்தின் இயல்பிலேயே நியாயம் இருந்தது என்பதை அக்காலத்துக் குழாயின் கதையிலிருந்து அறியலாம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆணி செய்து பிழைத்துவந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தார், வெளிப்புறம் ஒரே அளவாகத் தோன்றினும் உட்புறத்தில் முனைகள் தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் இருக்கும் குழாயைக் கண்டுபிடித்து 1897-இல் காப்புரிமை பெற்றார்கள். சைக்கிள் ஓடும்போது உண்டாகும் விசைகள் மூட்டுகளின் அருகேதான் திரண்டு தாக்குகின்றன என்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனமும், நடுவில் அதனினும் மெல்லிய தகடும் போதும் என்பது அதன் தத்துவம். 1935-இல் அவர்கள் வெளியிட்ட 531 என்னும் மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு, பல தலைமுறைப் பந்தய வீரர்களைச் சுமந்தது. (ரெனால்ட்ஸைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனியின் கூட்டுறவோடுதான் நம் முருகப்பா குடும்பத்தார் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் பிறந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இது ஒரு தூரத்து உறவு.) ஆனால் அந்த 531, பித்தளை உருகும் ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடைப் பொறுத்துக்கொள்ளுமேயன்றி, எஃகே உருகும் 1500 டிகிரிக்கு உட்பட்டால் மூட்டின் ஓரத்தில் பலம் குன்றிவிடும். ஆகவே ரசிகர்களின் சுளிப்பு அக்காலத்துக் குழாயைப் பொறுத்தவரை சரியானதே.

எனினும் கூடுகளுக்கும் ஒரு குறை உண்டு. அவை குறிப்பிட்ட விட்டங்களுக்கும் கோணங்களுக்கும் என்றே வார்க்கப்பட்டவை. ஒரு குழாயின் தகட்டுக் கனத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரட்டித்தால், எடை இருமடங்காக, வளையாமல் நிற்கும் விறைப்போ எட்டு மடங்காகும் என்னும் கணிதத்தை அறிந்த ஒருவன், தடித்த குழாயைப் பொருத்த விரும்பினால், அதற்கு ஏற்ற கூடு எங்கே கிடைக்கும்? பெகொரெத்தி வெல்டிங்கின் பக்கம் சாய்ந்ததில் இந்த விடுதலைக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் கைக்கொண்ட ‘டிக்’ வெல்டிங், 1941-இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தை இணைப்பதற்காக வகுத்த முறை. ஏறக்குறைய 3400 டிகிரி வரையிலும் உருகாத டங்ஸ்டன் கம்பியின் நுனியில் மின்பொறி எழ, அதைச் சுற்றி ஆர்கான் வாயு கவிந்து காற்றை அண்டவிடாமல் காக்கிறது. உஷ்ணம் பித்தளை வைப்பதைவிட மிகுதியாயினும், அது படும் இடம் மிகக் குறுகியது. காலடி மிதியால் மின்னோட்டத்தை ஏற்றியும் இறக்கியும் அதை ஆளலாம்.

ஆயினும் பொறி எழுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். ஒரு குழாயின் முனையை அரத்தால் குடைந்து மற்றொன்றின் வளைவில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடுக்கில் ஒளிக்கீற்று தெரியலாகாது. தெரிந்தால் அந்த இடத்தில் மெல்லிய தகடு உருகி ஓட்டையாகிவிடும். பிறகு குழாய்களின் உட்புறமாக, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் சிறு துளைகள் இடுகிறார்கள். அடைபட்ட குழாயில் காற்று சூடேறி விரியும்போது வெளியேற வழியில்லையேல், கடைசி மூட்டின் உருகிய உலோகத்தைப் பிளந்துகொண்டு அது வெளிப்படும். இத்தகைய அற்பமான துளையை மறந்தவனின் வேலை முழுவதும் வீண்.

உருகிய எஃகு ஆறும்போது சுருங்கித் தன் பக்கமாகக் குழாயை இழுக்கிறது. அதனால் ஒரே மூச்சில் சுற்றிவராமல், முதலில் நான்கு புள்ளிகளில் பிடிப்பு வைத்து, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று இழுப்பை இழுப்பால் சமன்செய்து போகிறார்கள். பெடல் அச்சு ஓடும் உருளைக்குள் பித்தளைக் கட்டியைத் திருகி வைப்பது, அதன் வட்டம் கோணாதிருக்கவும் மிகைச் சூட்டைக் கட்டி உறிஞ்சிக்கொள்ளவும். வேலை முடிந்ததும் மூட்டின் இருமருங்கும் வைக்கோல் நிறமும் ஊதாவும் நீலமும் வரிவரியாகத் தோன்றும். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் ஒளி வர்ணங்களாகப் பிரிவதுபோலவே, இங்கும் மிக மெல்லிய ஆக்ஸைடு படலத்தின் கனத்துக்கேற்ப நிறம் மாறுகிறது. அனுபவசாலி அந்த வரிகளின் அகலத்தைப் பார்த்தே கை எங்கே தயங்கிற்று என்று சொல்லிவிடுவான்.

1995-இல் ரெனால்ட்ஸ் வெளியிட்ட 853 என்னும் எஃகு, பழைய வழக்கைத் தலைகீழாக்கியது. வெல்டிங் சூட்டிலிருந்து சாதாரணக் காற்றில் ஆறும்போதே அதன் மூட்டோரம் மேலும் வலுப்பெறுகிறது. அலுமினியத்தின் கதை வேறு. சைக்கிள்களில் அதிகம் வழங்கும் 6061 என்ற கலவையை வெல்டிங் செய்தபின், முழுச் சட்டத்தையும் 500 டிகிரிக்கு மேல் உலையில் வாட்டிக் குளிரவைத்து, மறுபடி இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்தால்தான் இழந்த பலம் மீளும். அத்தனை பெரிய உலைக்குச் சிறு பட்டறையில் இடமும் இல்லை, முதலும் இல்லை. எஃகை விட்டு வேறொன்றைத் தொட நினைக்கும் தனிக் கைவினைஞர் டைட்டேனியத்தை நாடுவது இதனால்தான். அதற்கு உலை வேண்டாம். ஆனால் சூடான டைட்டேனியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உண்டு நொறுங்கும் தன்மை அடைவதால், குழாயின் வெளியே மட்டுமன்றி உள்ளேயும் ஆர்கானை நிரப்பி வைத்தே வேலை நடக்க வேண்டும். மூட்டு வெள்ளிபோல் பளபளத்தால் நல்லது, வைக்கோல் நிறம் வரை ஒப்பலாம். சாம்பல் பூத்திருந்தால் அந்த மூட்டை அறுத்தெறிந்துவிட்டுப் புதுக் குழாயை எடுக்கிறார்கள்.