நூறு சதவீத அடைப்பு: திறந்தே ஆகவேண்டுமா?

ஆஞ்சியோ பார்த்துவிட்டு "இதயத்தின் ஒரு ரத்தக்குழாய் நூறு சதவீதம் அடைத்திருக்கிறது" என்று டாக்டர் சொன்னால் குடும்பமே கலங்கிப்போகிறது. அப்படியானால் நோயாளி இத்தனை நாள் நடமாடியது எப்படி? பக்கத்துக் குழாய்களின் மெல்லிய கிளைகள் சிறுகச் சிறுகப் பெருத்து, அடைப்புக்கு அப்பாலுள்ள தசைக்கு ரத்தம் கொடுத்து வந்ததால்தான். உட்கார்ந்திருக்கையில் அந்த ரத்தம் போதும். மாடி ஏறினால் போதாது. நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும்.

ரத்த ஓட்டம் அறவே நின்று 3 மாதமாவது ஆகியிருந்தால் அதை நாள்பட்ட முழு அடைப்பு என்கிறார்கள். மாரடைப்பின்போது உருவாகும் புதிய ரத்தக்கட்டு மென்மையானது. அடைப்பைத் திறக்கச் செலுத்தும் கம்பி அதில் எளிதாக நுழைந்துவிடும். பழைய அடைப்பிலோ நாரும் கால்சியமும் சேர்ந்து கெட்டித்துப்போயிருக்கும். 0.014 அங்குலத் தடிமனுள்ள கம்பி அதில் வழி கண்டுபிடிக்க வேண்டும். பலூனும் ஸ்டென்ட்டும் அதற்குப் பிறகுதான். முன்பக்கம் வழி கிடைக்காவிட்டால், இதயத்தைக் காத்துவந்த அதே கிளைக்குழாய் வழியாகச் சுற்றிப் போய்ப் பின்பக்கமிருந்து துளைக்கிறார்கள். இம்முறையை வளர்த்தெடுத்ததில் ஜப்பானின் ஒசாமு கட்டோவுக்குப் பெரும் பங்குண்டு. கைதேர்ந்தவர்கள் இன்று பத்தில் எட்டு, ஒன்பது அடைப்புகளைத் திறந்துவிடுகிறார்கள். மருத்துவத்தின் வியக்கத்தக்க கைத்திறன்களில் இது ஒன்று.

ஆனால் திறக்க முடியும் என்பதற்காகவே திறந்துவிடக் கூடாது. குழாய் கிழிந்து இதய உறைக்குள் ரத்தம் தேங்கலாம். நேரம் நீள நீள எக்ஸ்-ரே கதிர்வீச்சும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் சாயமும் கூடுகின்றன. 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், அடைப்பைத் திறந்துகொண்டவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்து அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. 2019-இல் வந்த தென்கொரிய ஆய்விலோ, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட, அடைப்பைத் திறந்துகொண்டவர்களுக்கு இறப்போ மாரடைப்போ குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே, மாத்திரைக்கு அடங்காத வலியும் மூச்சிரைப்பும் உள்ளவருக்கு இது பெரும் வரம். எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் "உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று பயமுறுத்துவது நியாயமில்லை. பல குழாய்களில் அடைப்பு, கூடவே சர்க்கரை நோய் என்றால் பைபாஸே மேலாக இருக்கலாம்.

ஓய்விலேயே வலி வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றபடி, மாதக்கணக்காக இருக்கும் அடைப்புக்கு அன்றிரவே கையெழுத்துப் போடவேண்டியதில்லை. ஆஞ்சியோ சிடியை வாங்கிக்கொண்டு, இதில் அனுபவமுள்ள இன்னொரு மருத்துவரிடமும் காட்டிக் கேளுங்கள்.