கதவைத் தட்டும் அன்பு
(வானொலி மறையுரை)



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஓர் அறையில் சிலர் கூடிச் செபிப்பதைப் பல பங்குகளில் பார்க்கிறோம். கிறிஸ்துமஸ் வந்தால் ஏழைகளுக்கு அரிசியும் புத்தாடையும் கொடுப்பவர்கள் என்ற அளவில்தான் நம்மில் பலர் அவர்களை அறிந்திருக்கிறோம். புனித வின்சென்ட் தே பவுல் சபை ஏன் தோன்றியது, எதைக் கற்பிக்கிறது என்று இன்று சிந்திப்போம்.

இச்சபையைத் தொடங்கியவர் புனித வின்சென்ட் தே பவுல் என்றே பலர் எண்ணுகிறோம். அவர் 1660-இல் இறைவனடி சேர்ந்தார். அவரைப் பாதுகாவலராக ஏற்ற இச்சபையோ 1833-இல் பாரிஸ் நகரில் பிறந்தது. அதைத் தொடங்கியவர்கள் பொதுநிலையினர். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அவர்களுள் முதன்மையானவர் பிரெடரிக் ஓசானாம். அப்போது அவருக்கு வயது 20.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பாரிசில் காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தனர். ஓசானாமும் நண்பர்களும் ஒரு விவாத மன்றத்தில் திருச்சபைக்காக வாதாடி வந்தார்கள். திருச்சபை முன்பு நன்மை செய்தது சரி, இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பினர் கேட்டார்கள். அக்கேள்விக்குச் செயலால்தான் பதில் சொல்ல முடியும் என்று அவர்கள் உணர்ந்தார்கள். பத்திரிகை ஆசிரியரான எம்மானுவேல் பாய்யி என்னும் பெரியவர் தலைமையில் கூடினார்கள். ஏழைகளை எப்படி அணுகுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பிறரன்புப் புதல்வியர் சபையின் அருள்சகோதரி ரோசலி ரெந்து. அன்று ஏழு பேராய்த் தொடங்கிய சபை, இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பணிபுரிகிறது.

ஓசானாம் பின்னாளில் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார், மணமுடித்தார், ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். 1853-இல் 40 வயதில் இறந்தார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். குடும்பமும் வேலையும் புனிதத்துக்குத் தடையல்ல என்பதற்கு இவரே சாட்சி.

சபையின் போதனைகளில் மூன்றை மனத்தில் கொள்வோம்.

முதலாவது, வீடு சந்திப்பு. உறுப்பினர்கள் இருவர் இருவராக ஏழையின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறவர் எத்தனை பேர்! மகன் கைவிட்ட தாய், யாரிடமும் கை நீட்ட மாட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான், அடுப்பு எரியாததும் மாத்திரை தீர்ந்ததும் தெரியும். அவருக்கு வேண்டியது அரிசியா, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தர ஓர் ஆளா என்பதும் அப்போதுதான் புரியும். உதவி செய்வதோடு, வறுமையின் காரணத்தையும் தேடி நீதிக்காக உழைக்க வேண்டும் என்பது சபையின் படிப்பினை. சாதி, சமயம் பார்த்து உதவவும் அதில் இடமில்லை.

இரண்டாவது, மறைவாகக் கொடுத்தல். ஒவ்வொரு கூட்டத்திலும் இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. அதுபோலவே, உதவி பெற்றவரின் பெயரும் வெளியே போகாது. ஐந்து கிலோ அரிசி கொடுத்துவிட்டு, வாங்கியவரை நிறுத்திப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலம் இது. வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்ற ஆண்டவரின் போதனையை இங்கே நினைத்துப் பார்ப்போம்.

மூன்றாவது, உறுப்பினர்களின் புனித வாழ்வு. செபமும் ஆன்மிக வாசகமும் சகோதர நட்பும் இல்லாமல் கூட்டம் நடப்பதில்லை. பசித்தவரில் கிறிஸ்துவைக் காண்பதே இச்சபையின் வேர். நாம் ஏழைக்குக் கொடுக்கிறோம் என நினைக்கிறோம். அவரோ நமக்கு ஆண்டவரைக் கொடுக்கிறார்.

அன்பானவர்களே, இருபது வயதினர் தொடங்கிய சபையில் இன்று நரைத்த தலைகளே அதிகம். திருநகர், ஹார்விபட்டிப் பகுதியில் படிக்கும், வேலை பார்க்கும் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் தந்தால் போதும். நம் அன்பியங்களில் தனித்திருக்கும் முதியவர் யார், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை யார் என்று பக்கத்து வீட்டாராகிய நமக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தும் கடந்து போகிறோமா, கதவைத் தட்டுகிறோமா?

ஏழைகளின் வீட்டில் நமக்காகக் காத்திருக்கும் ஆண்டவர், அங்கே செல்லும் மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.